பழைய வாபாஷ் ஐரிஸ் புதரைப் பிரித்து நட்ட அனுபவம்

வீடு வாங்கியபோது பின்பக்க வேலியோரம் ஐரிஸ் என்ற கிழங்குப் பூச்செடியின் புதர் ஒன்று இருந்தது. விற்றவர்களைக் கேட்டேன். அவர்கள் நட்டதில்லையாம், அவர்களுக்கும் முன்னால் குடியிருந்தவர்கள் வைத்ததாம். "எப்போதாவது ஒரு பூ வரும், மேலே வெள்ளை, கீழே ஊதா" என்றார்கள். கிடைத்த தகவல் அவ்வளவுதான். நான் பார்த்தபோது பூ கிடையாது, இலை மட்டும். புதரின் நடுப்பகுதி வழுக்கையாகி, ஓரத்தில் மட்டும் வளையமாகப் பச்சை நின்றது. மேப்பிள் மரம் பாதி நாள் நிழல் போட்டது. போதாக்குறைக்கு யாரோ அக்கறையாக நாலு அங்குலத்துக்கு மரச்சீவல் மூடாக்குப் போட்டிருந்தார்கள். புல்வெளிக்கு வைத்த தானியங்கித் தெளிப்பானின் தண்ணீரும் சரியாக அதன் தலையில்தான் விழுந்தது. தாடி ஐரிஸைக் கொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தால்கூட இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

"மேலே வெள்ளை, கீழே ஊதா" என்ற அந்த ஒரு வரிதான் என்னை உசுப்பிவிட்டது. ஐரிஸ் பூவில் ஆறு இதழ். மூன்று நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே தொங்கும். தொங்குகிற இதழின் மேல்பகுதியில் புசுபுசுவென்று ஒரு கோடு ஓடும், அதுதான் தாடி. நிமிர்ந்தவை வெள்ளையாகவும் தொங்குபவை நிறமாகவும் இருந்தால் அந்த வகையை அமீனா என்பார்கள். அமெரிக்காவின் பழைய தோட்டங்களில் உயரமான அமீனா கிடைத்தால் முதலில் நினைவுக்கு வருவது வாபாஷ்.

வாபாஷ் 1936இல் வெளிவந்தது. இண்டியானா மாநிலத்தில், வாபாஷ் ஆற்றின் கரையில் பிளஃப்டன் என்று ஒரு சிறிய ஊர். அங்கிருந்த லாங்ஃபீல்டு ஐரிஸ் பண்ணையில் மேரி வில்லியம்சன் உருவாக்கியது. அவருடைய அப்பா ஈ. பி. வில்லியம்சன் தொழிலில் வங்கிக்காரர், அதோடு தட்டான்பூச்சி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், ஐரிஸ் கலப்பிலும் கைதேர்ந்தவர். 1918இல் தன் அப்பாவின் பெயரையே வைத்து 'லென்ட் ஏ. வில்லியம்சன்' என்ற வகையை வெளியிட்டவர் அவர்தான். 1933இல் அவர் இறந்துவிட, பண்ணை வேலையை மகள் தொடர்ந்தார். டோரதி டீட்ஸ், கன்டாபிலே என்ற இரண்டு வகைகளைச் சேர்த்து அவர் எடுத்த வாபாஷுக்கு 1940இல் அமெரிக்க டைக்ஸ் பதக்கம் கிடைத்தது. ஐரிஸ் உலகத்தில் அதற்கு மேல் பரிசு இல்லை.

அந்தக் காலத்தில் அமீனா நிறம் லேசில் வராது. கலப்பு செய்தாலும் பிள்ளைகளில் மிகச் சிலவற்றில்தான் தலைகாட்டும், விதை முளைப்பதும் மோசமாக இருக்கும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் பால் குக். வேடிக்கை என்னவென்றால் அவரும் அதே பிளஃப்டன்காரர். ஐரிஸ் ரைகென்பாக்கி என்ற குட்டையான காட்டு இனத்தைக் கலந்து 'ப்ரொஜெனிட்டர்' என்ற செடியை எடுத்தார். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லாத அந்தச் செடியின் வழியில் 'ஹோல் கிளாத்' வந்து, 1962இல் அதுவும் டைக்ஸ் பதக்கம் வாங்கியது. மேலே வெள்ளை, கீழே நிறம் என்று வகைவகையாகப் பெருகியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே என் புதர் உண்மையிலேயே பழையது என்றால், சந்தேகப் பட்டியல் நீளமாக இருக்காது. ஆனால் பூவைப் பார்க்காமல் பெயர் சூட்ட முடியாது. பூவைப் பார்க்க வேண்டுமானால் புதரைத் தோண்டியே ஆக வேண்டும்.

ஐரிஸைப் பிரிக்க நல்ல நேரம் பூக்காலம் முடிந்து ஆறு வாரம் கழித்து. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் அது ஜூலை, ஆகஸ்ட். கொளுத்துகிற வெயிலில் செடியைப் பிடுங்குவதா என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் பழைய வேர் ஓய்ந்து, புது வேர் விடப்போகிற தருணத்தில் செடி இருக்கும். வெயில் அதற்கு வசதி. தாமதமாக நட்டால்தான் தொல்லை, மண் உறையும் முன் ஆறு வாரமாவது வேர் ஊன்ற வேண்டும்.

முதலில் மரச்சீவலை வாரிக் கொட்டினேன். கீழே மண் கறுத்து, கையால் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. புதரைச் சுற்றி ஓர் அடி தள்ளி ஃபோர்க்கை இறக்கி நெம்பினேன். கிழங்கு ஆழத்தில் இருக்காது என்பதால் மொத்தமும் பாய் சுருட்டுகிற மாதிரி ஒரே துண்டாகக் கிளம்பியது. கையுறை அவசியம். வெட்டிய கிழங்கின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். வீட்டு நாய் கடித்தால் அதற்கும் ஆகாது.

குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கழுவினேன். அதன் பிறகுதான் சுவாரசியம் ஆரம்பித்தது. ஐரிஸ் கிழங்கு தரைக்கு மேலாகவே ஊர்ந்து வளர்வது. ஒவ்வொரு ஆண்டின் வளர்ச்சியும் ஒரு கணு, அடுத்த ஆண்டு தொடங்கும் இடத்தில் இடுப்பு சிறுத்திருக்கும். பூத்த கிழங்கின் நுனியில் பூந்தண்டு காய்ந்த வட்டத் தழும்பு நிற்கும். பூத்த பிறகு அந்தக் கிழங்கு மறுபடி பூக்காது. அதன் இரு பக்கத்திலும் முளைத்த குட்டிகள்தான் அடுத்து பூக்க வேண்டியவை. ஆகவே ஒரு கிளையை ஒளியில் பிடித்துப் பார்த்தால் எந்த ஆண்டு பூத்தது, எந்த ஆண்டு சும்மா இருந்தது என்று படித்துவிடலாம். என் கையில் இருந்த கிளைகளில் தழும்பெல்லாம் பின்னால், காய்ந்து சக்கையாகிப்போன பழைய கணுக்களில் இருந்தது. முன்பக்கக் கணுக்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெலிந்துகொண்டே வந்தன. கடைசிக் கிழங்குகள் சுண்டுவிரல் அளவுதான். நெரிசலும் நிழலும் சேர்ந்தால் இப்படித்தான், செடி சாகாது, பூக்கவும் பூக்காது.

சில கிழங்குகளை அழுத்தியபோது விரல் உள்ளே போனது. வந்த நாற்றத்தை விவரிக்க வேண்டாம், ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். இது மென்னழுகல். பெக்டோபாக்டீரியம் கரோட்டோவோரம் என்ற பாக்டீரியாவின் வேலை. ஆனால் பாக்டீரியா தானாகக் கிழங்குக்குள் நுழையாது, யாராவது கதவைத் திறந்துவிட வேண்டும். இங்கே திறந்தது துளைப்பான் புழு. அழுகிய கிழங்கு ஒன்றைப் பிளந்தபோது உள்ளே ஓர் ஆள் படுத்திருந்தார்: இளஞ்சிவப்பு உடம்பு, பழுப்புத் தலை, ஒன்றரை அங்குல நீளம், கிழங்கின் உட்பகுதியைச் சுரண்டித் தின்று பொந்தாக்கியிருந்தார்.

இந்தப் புழுவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் பழைய இலைச் சருகில் முட்டை வைக்கும். முட்டை பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும். வசந்தத்தில் பொரித்த புழு புது இலைக்குள் நுழைந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கோடையின் நடுவில் கிழங்குக்கு வந்து சேரும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஆகவே மருந்து அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது, பனிக்காலத்துக்கு முன்போ வசந்தம் வரும் முன்போ சருகையும் காய்ந்த இலையையும் ஒன்றுவிடாமல் வாரி அப்புறப்படுத்துவது. மூடாக்கு போட்ட புண்ணியவான் முட்டைக்குக் கம்பளி போர்த்திவிட்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிழங்குகளைத் தரம் பிரித்தேன். பழைய சக்கைகள், பொந்து விழுந்தவை, முழுக்க அழுகியவை எல்லாம் குப்பைப் பைக்கு. உரக்குழியில் போடவில்லை. ஓரத்தில் மட்டும் அழுகியவற்றை ஒரு பழைய கரண்டியால் சுரண்டினேன். சுரண்டும்போது சத்தம் மாறும். கூழ் மாதிரி வழிந்துகொண்டிருந்தது ஒரு கட்டத்தில் கரகரவென்று ஒலிக்கும், உள்ளே வெள்ளையும் கெட்டியுமான சதை தெரியும். அங்கே நிறுத்தலாம். வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்த வாளியில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அலசி, வெயிலில் பரப்பினேன். கத்தியையும் ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே அதே வாளியில் முக்கி எடுத்தேன். இல்லாவிட்டால் நோயை நாமே கிழங்கு கிழங்காகப் பரிமாறுகிற மாதிரி ஆகிவிடும்.

வெயிலில் காயவைப்பதைப் பலர் நம்பமாட்டார்கள். வெட்டுப்பட்ட முகம் தோல் கட்டி இறுகும்வரை கிழங்கு ஓரிரண்டு நாள் சும்மா கிடக்கலாம், ஒரு வாரம் கிடந்தாலும் மோசமில்லை. இலைகளை விசிறி வடிவில் ஆறு அங்குலம் விட்டு வெட்டினேன். வேர் பிடிக்காத செடி அத்தனை இலைக்கும் தண்ணீர் இறைக்க முடியாது என்பதுதான் காரணம், அழகுக்காக இல்லை.

புது இடம் வீட்டின் தெற்குச் சுவருக்கு முன்னால். நாளில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில். அங்கே களிமண்ணாக இருந்ததால் தரையில் நடாமல் கொஞ்சம் உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்டேன், பருமணலும் மக்கிய உரமும் அளவாகக் கலந்து. தழைச்சத்து அதிகமான உரம் எதுவும் கிடையாது. புல்வெளிக்குப் போடும் உரம் ஐரிஸ் பக்கம் சிந்தக்கூடக் கூடாது. இலை தளதளவென்று வரும், கிழங்கு நீர்க்கோத்து மெத்தென்று ஆகும், அழுகல் கொண்டாட்டம் போடும். மண்ணின் கார அமில அளவு (pH) 6.5க்கும் 7க்கும் நடுவில் இருந்தால் போதும்.

நடுகிற முறை எளிது. ஆனால் கை தானாக வேறு மாதிரிதான் செய்யப் பார்க்கும். குழி தோண்டி, நடுவில் மண்ணைச் சிறு கரையாகக் கூட்டி, கிழங்கை அந்தக் கரையின் முதுகில் உட்கார வைத்து, வேர்களை இரண்டு பக்கமும் கீழே தொங்கவிட வேண்டும். வேரின் மேல் மண்ணைப் போட்டு அழுத்த வேண்டும். கிழங்கின் முதுகு மட்டும் வெளியே தெரிய வேண்டும். கிழங்கின் பின்பக்கம் தெற்கே, விசிறி வடக்கே இருக்கும்படி வைத்தால் இலை நிழல் கிழங்கின் மேல் விழாது. ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளி. நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர், பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும்.

அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்த அம்மாவுக்கு இந்தக் கடைசிப் பகுதி சுத்தமாகப் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் நேரே பாத்தியைப் போய்ப் பார்ப்பார்.

"ஏம்பா, கெழங்கெல்லாம் வெளிய தெரியுது. மண்ண இழுத்து மூடிடட்டுமா?"

"வேண்டாம்மா. அதுக்கு வெயில் படணும்."

"வாடிப் போயிருக்கே. ஒரு சொம்புத் தண்ணியாவது ஊத்தறேன்."

"நாளான்னிக்கு ஊத்தலாம்மா."

"நீ செடி வளக்கறியா, கருவாடு காயப் போடறியா?"

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. செடி என்றால் மண்ணணைத்து, தண்ணீர் ஊற்றி, உரம் வைத்துத்தான் நமக்குப் பழக்கம். பழைய ஐரிஸ்கள் தோட்டங்களில் பூக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கவனிக்காமல் விடுவது இல்லை என்று நான் நினைக்கிறேன். கவனிப்புதான். கைவிடப்பட்ட பண்ணைவீட்டுச் சரிவுகளில், கல்லறைத் தோட்டங்களில், யாரும் திரும்பிப் பார்க்காத சாலையோரங்களில் இவை ஆண்டுக்கணக்காகத் தாமாகப் பூத்துக்கொண்டிருக்கின்றன. தெளிப்பானும் மூடாக்கும் உள்ள வீட்டில்தான் அழுகுகின்றன.

முதல் பனிக்காலத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. புதிதாக நட்ட கிழங்கை, மண் உறைந்து உருகி உறைந்து உருகி மேலே தூக்கி எறிந்துவிடும். அதனால் மண் நன்றாக உறைந்த பிறகு பைன் கிளைகளைத் தளர்வாக மேலே போட்டேன். வசந்தம் எட்டிப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். குளிர் இதற்கு எதிரி இல்லை. குளிர்காலம் இருந்தால்தான் நன்றாகப் பூ வரும். குளிர்காலமே இல்லாத சமவெளியில் இந்த வகையை முயல்வது வீண் வேலை, இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தேன். பழைய வகைகளை மட்டும் வளர்க்கும் ஒரு பண்ணையிலிருந்து பெயர் உறுதியான வாபாஷ் ஒன்றை வரவழைத்து, அதே பாத்தியின் மறுமுனையில் நட்டேன். படத்தை வைத்துப் பெயர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊதா நிறத்தை கேமரா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஒரே மண், ஒரே வெயில், ஒரே வாரம், பக்கத்தில் பக்கத்தில் பூத்தால்தான் பேச்சு.

முதல் வசந்தத்தில் என் பழைய கிழங்குகள் பூக்கவில்லை. அது எதிர்பார்த்ததுதான், சுண்டுவிரல் கிழங்கு முதலில் உடம்பைத் தேற்ற வேண்டும். வாங்கியது மட்டும் ஒரு தண்டு விட்டது. அடுத்த ஆண்டுதான் இரண்டு பக்கமும் தண்டு எழும்பியது.

மொட்டு விரிந்த காலை, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நிமிர்ந்த இதழ்கள் சுத்த வெள்ளை. தொங்கும் இதழ்கள் கரு ஊதா, வெல்வெட் துணியில் வெட்டியது போன்ற மேற்பரப்பு. அந்த ஊதாவின் விளிம்பைச் சுற்றி நூலிழையாக ஒரு வெள்ளைக் கரை. தாடியின் இரு பக்கத்திலும், இதழ் தண்டோடு சேரும் இடத்தில், வெள்ளைப் பரப்பில் ஊதாக் கோடுகள் கிளைகிளையாக. தாடி மஞ்சள். இதழ் விளிம்பில் சுருக்கமோ அலையோ கிடையாது, தொங்குகிற இதழ் நேராகக் கீழே தொங்குகிறது. இதுவும் ஒரு முக்கியமான தடயம். இன்றைய ஐரிஸ்களில் காணும் அலையலையான விளிம்பு, கலிஃபோர்னியாவில் கிளாரா ரீஸ் 1939இல் வெளியிட்ட 'ஸ்நோ ஃப்ளர்ரி'யின் சந்ததிகள் வழியாகப் பரவியது. அந்த அலை இருந்திருந்தால் வாபாஷ் என்ற பேச்சையே விட்டிருப்பேன்.

போட்டியில் இருந்த இன்னொரு பெயர் ரைன்நிக்ஸ. ஜெர்மனியின் கூஸ் அண்ட் கோனமன் நிறுவனம் 1910இல் வெளியிட்ட அமீனா, அதற்கும் வெளிர் கரை உண்டு. ஆனால் அதன் பூ அளவில் சிறியது. என் பூவும் வாங்கிய பூவும் அளவில் ஒன்று, தண்டின் உயரம் இரண்டுக்கும் மூன்றடிக்குச் சற்று மேல், கிளைவிட்ட விதமும் ஒன்று, முதல் மொட்டு விரிந்ததும் அதே வாரம். இதற்கு மேல் சந்தேகப்படுவது பிடிவாதம்.

பெயர்ச்சீட்டில் வாபாஷ், 1936 என்று எழுதி, கீழே "இந்த வீட்டிலேயே இருந்தது, ஒப்பிட்டுப் பார்த்தது" என்றும் சேர்த்தேன். பண்ணையிலிருந்து வந்ததற்குத் தனிச்சீட்டு. இரண்டையும் கலக்கவில்லை. பழைய வகைகளைப் பேணுகிறவர்களுக்குத் தப்பான பெயர் ஒன்று ஊர் சுற்றத் தொடங்கினால் எவ்வளவு தலைவலி என்று தெரியும். அமெரிக்காவில் இதற்கென்றே வரலாற்று ஐரிஸ் பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது, வெளிவந்து 30 ஆண்டு தாண்டிய எதையும் அவர்கள் வரலாற்று வகை என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

பூ வாடியதும் தண்டை அடியோடு ஒடித்துவிடுகிறேன். காய் பிடிக்க விடுவதில்லை. விதை தாய் மாதிரி இருக்காது. காய் வெடித்து விதை புதருக்குள்ளேயே விழுந்து முளைத்தால், சில ஆண்டுகளில் வாபாஷ் சீட்டுக்குக் கீழே வேறு என்னவோ பூத்துக்கொண்டிருக்கும். புதர்களில் பெயர்க் குழப்பம் பாதி இப்படித்தான் வருகிறது.

மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும். அப்போது மிஞ்சுகிற கிழங்குகளைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது பிளாஸ்டிக் பை ஆகாது, உள்ளே வியர்த்து அழுகிவிடும். மண் கழுவி, காயவைத்து, காகிதப் பையிலோ துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ போட்டால் இரண்டு வாரம் தாங்கும். பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டினால் சீட்டு எங்காவது கழன்றுவிடும். வெட்டிய விசிறியின் இலை மேலேயே அழியாத மார்க்கரால் எழுதிவிடுங்கள், பண்ணைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நடுகிறவர் தன் சீட்டைத் தயார் செய்யும்வரை அந்த எழுத்து இலையில் நிற்கும்.